ஷோரூம் கம்பளத்தில் நின்ற காருக்குப் புது சுவிட்ச்

சந்திரமௌலி சார், நீங்கள் எழுதியது பொய்.

நமது பணிமனைத் தொழிலாளர் இதழில் சென்ற மாதம் வந்த உங்கள் கட்டுரையைச் சொல்கிறேன். நாடு முழுக்க இப்போதுதான் மின்சாரக் கார் பற்றிப் பேசுகிறார்கள், நாங்கள் ஏழெட்டு வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டோம் என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டாவது பக்கத்தில், கம்பெனி குறை கண்டு திரும்ப அழைத்த கார்கள் விழுப்புரம் கிளையில் நூற்றுக்கு நூறு சரிசெய்யப்பட்டன என்றும், ஓர் உரிமையாளரின் அஜாக்கிரதையால் நடந்த ஒரு விபத்தைத் தவிர வேறு புகாரே இல்லை என்றும் இருக்கிறது.

எங்கள் கிளையில் இருந்த மின்சாரக் கார்கள் மொத்தம் இரண்டு. ஒன்று ஷோரூமில் சிவப்புக் கம்பளத்தின் மேல் நின்றது. அது ஒரு நாளும் ரோட்டைப் பார்த்ததில்லை. இன்னொன்று திண்டிவனம் எஸ்தர் ராணி டீச்சருடையது. பெயர் போடாமல் ‘ஓர் உரிமையாளர்’ என்று எழுதிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தீர்களா? திண்டிவனத்தில் அந்தக் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவரைக் கேட்டாலும் சொல்வார்.

இதழைப் படித்துவிட்டு, இப்போது வேலையில் இருக்கும் மெக்கானிக்குகள் சிலர் எனக்குப் போன் செய்தார்கள். இனி எல்லாம் கரண்ட் வண்டிதான் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார்களாம். அப்போது எப்படி அண்ணே சமாளிச்சீங்க என்று கேட்டார்கள். சமாளிக்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன். ஜாப் கார்டு எழுதித்தான் எனக்குப் பழக்கம். நடை நன்றாக இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் சரியாக இருக்கும்.

1993-ல் விழுப்புரத்தில் அந்தக் கார் ஏஜென்சியின் பணிமனையில் சேர்ந்தேன். இரண்டு வருடம் வண்டி கழுவினேன். அப்புறம் சில வருடம் அடுத்தவர் கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் நானே ஸ்பேனர் பிடித்தேன். கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது, அதையும் கற்றுக்கொண்டேன். சூப்பர்வைசர் ஆனேன். அவ்வளவுதான் என் படிப்பு.

பிறகு எங்கள் முதலாளி மின்சாரக் கார் விற்கவும் ஏஜென்சி எடுத்தார். சென்னையில் மூன்று நாள் பயிற்சி என்று என்னையும் எலக்ட்ரீஷியன் காதர் பாயையும் அனுப்பினார்கள். முதல் நாள் கம்பெனியின் வரலாறு. இரண்டாம் நாள் உலகம் எப்படிச் சூடாகிறது என்று படம் போட்டார்கள். மூன்றாம் நாள் சாப்பாடும் சான்றிதழும். காரைத் திறந்து காட்டவில்லை. அதற்கு சீல் வைத்திருந்தார்கள், உடைத்தால் வாரண்டி போய்விடும் என்றார்கள்.

ஊருக்கு வந்து ஷோரூம் காரின் பானெட்டைத் தூக்கினோம். உள்ளே ஒரு ஸ்டெப்னியும் கண்ணாடி துடைக்கும் தண்ணீர் டப்பாவும் இருந்தன. பேட்டரிகள் முன் சீட்டுக்கு அடியில், மோட்டார் பின்பக்கம். காதர் பாய் ரொம்ப நேரம் அந்த ஸ்டெப்னியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா ஏழுமல, கல்யாண வூட்ல மாப்ளய காணோமே” என்றார்.

அந்தக் காரை எங்கள் பக்கத்தில் வாங்கிய ஒரே ஆள் எஸ்தர் டீச்சர். மயிலத்துக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளியில் தலைமை ஆசிரியை. சிறுவயதில் போலியோ வந்து இடது காலில் இரும்புக் காலிபர் போட்டிருப்பார். இருபது வருடத்துக்கு மேல் திண்டிவனத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் வந்தவர். ஏறுவதற்குள் விசில் கொடுக்கிற கண்டக்டர்களைப் பெயர் சொல்லித் திட்டுவார். இந்தக் காரில் கியர் இல்லை, கிளட்ச் இல்லை. வலது கால் மட்டும் போதும். ஒரே வாரத்தில் ஓட்டப் பழகி, முறையாக லைசென்ஸ் எடுத்தார். சமையலறை ஜன்னல் வழியாக வயரை விட்டு வாசலில் நிற்கிற காருக்கு சார்ஜ் ஏற்றுவார்.

முதல் சர்வீசுக்கு வந்தபோது ஒரு விஷயம் சொன்னார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தனியாக மரக்காணம் வரை ஓட்டிப் போயிருக்கிறார். காரிலேயே உட்கார்ந்து, வேகவைத்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டு, கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். “யாரையும் கூட வான்னு கேக்கலங்க ஏழுமலை. ஐம்பது வயசுல மொத தபா” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் இருந்த விதத்தை ஜாப் கார்டில் எழுத இடம் இல்லை.

ஆறு மாதம் கழித்துக் கார் நிற்க ஆரம்பித்தது. வெயிலில் அரை மணி நேரம் ஓடினால் திடீரென்று செத்துப்போகும். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். காதர் பாய் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குக் கரண்டை விடுகிற பெரிய சுவிட்ச் ஒன்று உண்டு, கான்டாக்டர் என்போம். அது சூடானால் கையை விட்டுவிடுகிறது. ஆறினால் மறுபடி பிடித்துக்கொள்கிறது. கம்பெனிக்கு எழுதினோம்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள் சார். சென்னையிலிருந்து வந்த மண்டல சர்வீஸ் மேனேஜர். உங்களைப் பற்றி நியாயமாகவே எழுதுகிறேன். ஒரு நாளும் நீங்கள் குரலை உயர்த்தியதில்லை. உட்காரும் முன் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைப்பீர்கள், உட்கார்ந்த பின் கைக்குட்டையை நாலாக மடிப்பீர்கள். எங்கள் டீயைக் குடிக்க மாட்டீர்கள். கெட்ட வார்த்தை பேச மாட்டீர்கள். ‘பழுது’ என்பது உங்களுக்குக் கெட்ட வார்த்தை. ஜாப் கார்டில் அந்தச் சொல்லே வரக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டீர்கள். பழுது என்று எழுதாமல் ‘வாடிக்கையாளர் அனுபவம்’ என்று எழுத வேண்டும். கார் நின்றுவிட்டால் ‘வாகனம் ஓய்வு நிலையில்’. பேட்டரி தீர்ந்துபோனால் ‘ஆற்றலுக்காகக் காத்திருப்பு’. பிரேக் பிடிக்காவிட்டால் என்ன எழுதுவது என்று காதர் பாய் உங்களைக் கேட்டார். நீங்கள் சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று டைரியில் குறித்துக்கொண்டீர்கள்.

கொஞ்ச நாளில் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அந்த வரிசையில் வந்த எல்லாக் காருக்கும் சுவிட்சை மாற்ற வேண்டும் என்று முடிவாயிற்று. உரிமையாளர்களுக்குக் கடிதம் போயிற்று. ஆனால் ‘குறை’ என்று எழுத முடியாதே. ‘அன்பு அழைப்பு’ என்று தலைப்புப் போட்டு, தங்கள் வாகனத்துடன் எங்கள் இல்லத்துக்கு வருகை தந்து மகிழ்விக்குமாறு வேண்டுகிறோம் என்று அச்சடித்திருந்தீர்கள். நாலு மூலையிலும் பூ. டீச்சர் அதை ஏஜென்சியின் ஆண்டு விழா என்று நினைத்துவிட்டார். பட்டுப்புடவை கட்டி, அரை கிலோ ஜாங்கிரியோடு வந்து இறங்கினார். நான் அவரை ஓரமாக அழைத்துப்போய், டீச்சர் இது சுவிட்ச் மாற்றுவதற்கு என்றேன். ஜாங்கிரியைத் திருப்பி எடுத்துப்போக மாட்டேன் என்று எங்களுக்கே கொடுத்துவிட்டார். காரை விட்டுவிட்டு பஸ்ஸில் போனார், அதே பட்டுப்புடவையோடு.

இரண்டு காருக்கு ஒரு கிட் வந்தது. புது சுவிட்ச், வயர், நாலு போல்ட். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு டீச்சர் காரிடம் போனேன். நீங்கள் நடைமுறைப் புத்தகத்தைத் திறந்தீர்கள். சேசிஸ் எண் எதில் சிறியதோ அந்த வண்டிக்கு முதலில் பொருத்த வேண்டும் என்று இருந்தது. சிறிய எண் ஷோரூம் காருடையது.

அது ஓடுறதே இல்லையே சார் என்றேன். “ஏழுமலை, ஓடுதா ஓடலையான்னு புத்தகம் கேக்கல” என்றீர்கள்.

கம்பளம் அழுக்காகக் கூடாது என்று செய்தித்தாள் விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஓடாத காருக்குப் புது சுவிட்ச் மாட்டினோம். பழைய சுவிட்ச் புத்தம் புதிதாக இருந்தது. அதையாவது டீச்சர் காருக்கு மாட்டலாமா என்று கேட்டேன். அது குறையுள்ள வரிசையைச் சேர்ந்தது, சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்றீர்கள். அதுவரைக்கும் சரி. அதே வரிசை சுவிட்ச் டீச்சர் காரில் இருக்கிறதே என்றேன். அதுக்குத்தான் ரெண்டாவது கிட் வருமே என்றீர்கள்.

இரண்டாவது கிட்டுக்கு எழுதினால், கையிருப்பு குறைவு, அந்தக் காரில் உண்மையிலேயே அனுபவம் இருக்கிறதா என்று சோதித்து அனுப்பவும் என்று பதில் வந்தது. சோதனை முறையும் கூடவே வந்தது. காருக்கு எட்டு மணி நேரம் இடைவிடாமல் சார்ஜ் ஏற்ற வேண்டும். நடுவில் தடைபட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஜெனரேட்டர் கூடாது. பின் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, பத்து நிமிடம் மோட்டாரை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த வருடங்களில் எங்கள் மாவட்டத்தில் கரண்ட் எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். எட்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கரண்ட் வந்தால் ஆட்கள் பயந்துபோய் வெளியே வந்து பார்ப்பார்கள். முதல் நாள் மூன்றாவது மணியில் போயிற்று. இரண்டாம் நாள் இரண்டாவது மணியில். ஒரு தடவை ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. நானும் காதர் பாயும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது பணிமனை ஃபேன் மெதுவாக நின்றது. காதர் பாய் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இப்படியே மூன்று வாரம் போயிற்று. டீச்சர் தினம் பள்ளிக்கூடத்திலிருந்து போன் செய்வார். ஆற்றலுக்காகக் காத்திருக்கிறது டீச்சர் என்று நான் சொல்வேன்.

அந்த மூன்று வாரத்துக்குள் ஆயுத பூஜை வந்தது. பணிமனை வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு யார்டில் எந்த வண்டி நின்றாலும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்போம். யாருடைய வண்டி, என்ன மதம் என்றெல்லாம் பார்ப்பதில்லை. மற்ற வண்டிகளுக்கு இன்ஜின் மேல் வைப்பேன். டீச்சர் காரில் எங்கே வைப்பது? ஸ்டெப்னிக்கா வைப்பது என்று தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். காதர் பாய்தான் வழி சொன்னார். “இதுக்கு வாயி அங்கதான கீது, கரண்டு துன்ற எடத்துல. அங்கயே வெச்சிடு, ஜல்தி, சுண்டலு ஆறுது” என்றார். சார்ஜ் சாக்கெட்டின் மூடியைத் திறந்து, உள்பக்கம், சாக்கெட்டின் விளிம்பில், மோதிர விரலால் ஒரு பொட்டு வைத்தேன். நான்தான் வைத்தேன். இதை எல்லோரும் கவனித்துக்கொள்ளுங்கள்.

பிறகு காதர் பாய்க்கு ஒரு யோசனை வந்தது. புதுச்சேரியில் கரண்ட் போவதில்லை. அவருடைய மச்சான் வீடு அங்கே இருக்கிறது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்றீர்கள். கொஞ்ச நேரம் புத்தகத்தைப் புரட்டினீர்கள். ‘சேவை முகாம்’ என்றால் எங்கேயும் நடத்தலாம் என்று ஒரு வரி கிடைத்தது. அதனால் மச்சான் வீட்டு வாசலில், துணி காயப்போட்ட கொடிக்குக் கீழே, ‘மாபெரும் மின்சார வாகனச் சேவை முகாம்’ என்று பேனர் கட்டிப் போட்டோ எடுத்தோம். மச்சான் வீட்டு ஆயிஷாம்மா அந்த முகாமுக்கு வந்தவர்களுக்கு, அதாவது எங்கள் இரண்டு பேருக்கு, சோறு போட்டார்.

எட்டு மணி நேரம் முழுசாக ஏறிற்று. அதை ஓட்டிக்கொண்டு வந்தால் சார்ஜ் குறைந்துவிடும். அதனால் மறுநாள் காலையில் காரை மினி லாரியில் ஏற்றினோம். நல்லபடியாக ஓடுகிற காரை, இறங்கி ஓட விடாமல், லாரியில் கட்டிக்கொண்டு வந்தோம். வளவனூர் வருவதற்குள் மதுவிலக்குச் சோதனையில் நிறுத்தினார்கள். புதுச்சேரியிலிருந்து லாரி மேல் கார் வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அங்கிருந்த போலீஸ் ஏட்டு பானெட்டைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இஞ்சின எங்கய்யா கயட்டி வெச்ச? பாட்டிலு வெக்கவா?”

கரண்டு வண்டி சார், இஞ்சினே கிடையாது என்றேன். அப்போ எதுக்கு லாரியில் ஏத்திக்கினு போற, ஓட்டிக்கினு போவ வேண்டியதுதானே என்று கேட்டார். ஓட்டினால் கரண்டு குறைந்துவிடும் சார் என்றேன். சொல்லும்போது எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. சீட்டுக்கு அடியில் இருந்த பேட்டரியை ஒரு கம்பியால் தட்டி, உள்ளே தண்ணி சத்தம் கேட்கிறதே என்றார். ஆசிட் சார் என்றார் காதர் பாய். எல்லாரும் அப்படித்தான் சொல்றான் என்றார் ஏட்டு. அங்கேயே ஒன்றரை மணி நேரம் போயிற்று.

மறுபடி நீங்கள் விழுப்புரம் வந்தீர்கள். நிழலான இடத்தில் காரை நிறுத்தச் சொன்னீர்கள். டேபிள் ஃபேன் ஒன்று உங்களுக்காக வைத்தோம், அதன் காற்று காருக்கும் போயிற்று. பத்து நிமிடம் மோட்டார் ஓடிற்று. நிற்கவில்லை. எப்படி நிற்கும்? அது சூட்டில் நிற்கிற சுவிட்ச். இதை ஒரு மத்தியானம் திண்டிவனம் வரை ஓட்டிப் பார்ப்போம் சார், நிச்சயம் நிற்கும் என்று கெஞ்சினேன்.

“நிக்கறதுக்காக யாரும் காரை ஓட்டக் கூடாது ஏழுமலை. ஓடறதுக்காகத்தான் ஓட்டணும்” என்று பொறுமையாக எனக்கு விளக்கினீர்கள்.

அப்புறம் காரின் எல்லாப் பாகத்தையும் போட்டோ எடுக்க வேண்டும் என்று சார்ஜ் சாக்கெட்டின் மூடியைத் திறந்தீர்கள். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டீர்கள். காய்ந்துபோன என் சந்தனப் பொட்டுக்குப் பக்கத்தில் ஓர் அடிஸ்கேலை வைத்து மூன்று போட்டோ எடுத்தீர்கள். சோதனைப் படிவத்தை எடுத்தீர்கள். ‘அந்நியப் பொருள்: உண்டு, இல்லை.’ உண்டு என்று டிக் போட்டீர்கள். ‘உட்படுத்தியவர்: உரிமையாளர், இயற்கை.’ இரண்டே கட்டம்தான்.

நான் வைத்தது சார், ஆயுத பூஜைக்கு என்றேன். பேனாவை எடுத்துவிட்டீர்கள். என்னைப் பார்த்தீர்கள், படிவத்தைப் பார்த்தீர்கள். நான் உரிமையாளரும் இல்லை, இயற்கையும் இல்லை. பணிமனை ஊழியருக்குக் கட்டம் இல்லை. உங்களுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். எலி வைத்ததாக எழுதிவிடுங்கள் என்று காதர் பாய் கேலியாகச் சொன்னார். நீங்கள் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. இயற்கை என்று போட்டால் கிளையில் எலி ஒழிப்புச் சான்று இணைக்க வேண்டும், நம்மிடம் அது இல்லை என்றீர்கள். அப்புறம் உரிமையாளர் கட்டத்தில் டிக் போட்டீர்கள். சோதனையில் அனுபவம் காணப்படவில்லை, உரிமையாளரால் அந்நியப் பொருள் உட்படுத்தப்பட்டுள்ளது, கிட் தேவையில்லை, பணி நிறைவு. கீழே சூப்பர்வைசர் கையெழுத்து.

நான் போட்டேன். காரணம் எழுதினால் மன்னிப்புக் கேட்பது போல ஆகும். பயந்தேன். டீச்சர் காரை எடுக்க வந்தபோது, வெயிலில் ரொம்ப ஓட்டாதீங்க டீச்சர் என்று மட்டும் சொன்னேன். பள்ளிக்கூடம் வெயிலில்தான் நடக்கிறது.

பதினைந்து இருபது நாள் ஆகியிருக்கும். சாயங்காலம் பள்ளி விட்டுத் திரும்பும்போது, கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலையின் குறுக்கே கடந்து திண்டிவனம் பக்கம் திரும்ப வேண்டும். சரியாக நடு ரோட்டில் கார் நின்றது. டீச்சர் இண்டிகேட்டர் போட்டிருந்தார், ஹாரன் அடித்தார், வெளியே கையை நீட்டிக் காட்டினார். இதெல்லாம் மோதிய சிமெண்ட் லாரியின் டிரைவரே சொன்னது. அவர் முடிந்த வரை ஒடித்தார். காரின் பின்பக்கக் கூடு போயிற்று, அடியில் இருந்த மோட்டார் தப்பிற்று. டீச்சருக்கு நெற்றியில் தையல், காலிபர் வளைந்துவிட்டது. கூட்டத்தில் ஒருவன், காலு சரியில்லாதவங்களுக்கு காரு எதுக்கு என்று சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது.

அதற்குள் பத்து நிமிடம் ஆகிவிட்டது. காரை ஓரமாகத் தள்ளலாம் என்று ஒரு போலீஸ்காரர் சாவியைத் திருப்பினார். பின் கண்ணாடி இல்லாத, பம்பர் இல்லாத, டிக்கி இல்லாத அந்தக் கார் ஜம்மென்று கிளம்பி ஓரத்துக்குப் போய் நின்றது. அவர் என்ன எழுதுவார்? வாகனம் நல்ல நிலையில் உள்ளது என்று எழுதினார்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். உடல் தகுதிச் சான்று வேண்டும் என்றார்கள். அதற்குப் போனால், வாகனம் அவருக்கு ஏற்றதுதானா என்று தயாரித்தவர்களிடம் கேட்டு வாருங்கள் என்றார்கள். தயாரித்தவர்களைக் கேட்டால், நம்முடைய படிவத்தின் நகலை அனுப்பினீர்கள். அந்தப் படிவம் டீச்சரின் கோப்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

டீச்சர் இரண்டு பஸ் மாறி விழுப்புரம் வந்தார். நகலை என் மேஜை மேல் வைத்தார். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்.

“நான் எந்த சாமிக்குங்க சந்தனம் பூசுனேன், ஏழுமலை?”

நான் பூசினது என்று சொன்னேன். கையெழுத்தும் நான் போட்டது என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கண்டக்டர்களைத் திட்டுகிறவர். திட்டவில்லை. புது கார், நஷ்ட ஈடு எல்லாம் வாங்கித் தருகிறேன் என்று நான் உளற ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

“காரு வேணாம். நான் ஒழுங்கா ஓட்டினேன்னு எழுதிக் குடுங்க. அது போதும்.”

அன்றைக்கே எழுதினேன். சந்தனம் வைத்தது நான், சுவிட்சில் குறை இருந்தது, உரிமையாளர் மேல் தவறில்லை என்று எழுதி உங்களுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. மேலே உங்கள் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: ‘முடிந்த பணிக்குப் புதிய அனுபவம் ஏற்க இயலாது.’ அடுத்த வாரம் என்னை உதிரிபாகக் கோடவுனுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன்.

எட்டு மாதம் கழித்து அந்தக் கோடவுனுக்கு ஒரு பெட்டி வந்தது. இரண்டாவது கிட். டீச்சர் காரின் சேசிஸ் எண் மேலே ஒட்டியிருந்தது. அதற்குள் கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. நான் உங்களுக்குப் போன் செய்தேன். பணி நிறைவான வண்டிக்கு வந்திருப்பதால் அது உபரி, திருப்பி அனுப்பு என்றீர்கள். திருப்பி அனுப்பினேன். இரண்டு கார், நூற்றுக்கு நூறு.

இந்தப் பழைய கதையை இப்போது எதற்குக் கிளறுகிறான் என்று சிலர் நினைக்கலாம். டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். ஓய்வுக்கு முந்தின வருடங்களும் பஸ்ஸில்தான் போனார். இப்போது நல்ல சுவிட்ச் உள்ள மின்சாரக் கார்கள் வந்திருக்கின்றன, ஒன்று எடுத்து ஓட்ட வேண்டும் என்று இருக்கிறார். லைசென்ஸுக்கு மறுபடி மனுப் போட்டிருக்கிறார். பழைய கோப்பை எடுத்திருக்கிறார்கள். அதில் அந்தப் படிவம் இருக்கிறது. அது போதாதென்று இப்போது உங்கள் கட்டுரை வேறு அச்சில் வந்திருக்கிறது. டீச்சரும் படித்துவிட்டார். போனில் என்னைக் கேட்டார்: “அஜாக்கிரதைன்னா இன்னா அர்த்தங்க? முப்பது வருசம் பசங்களுக்கு அர்த்தம் சொன்னவ. எனக்கு ஒருத்தரு சொல்லட்டும்.”

நீங்கள்தான் அந்தச் சொல்லை எழுதினீர்கள், நீங்கள் சொல்லுங்கள்.

எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். போன் செய்து பொறுமையாக விளக்க வேண்டாம். இதே இதழில், எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுங்கள். கூட்டேரிப்பட்டில் அன்றைக்கு எஸ்தர் ராணி செய்த தவறு என்ன? ஒன்றே ஒன்று சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால், சுவிட்ச் கெட்டுப்போயிருந்தது, அது பழுது, அது எனக்குத் தெரியும், அந்த அம்மாள் ஒழுங்காகத்தான் ஓட்டினார் என்று எழுதி, கீழே உங்கள் பெயரையும் பழைய பதவியையும் போடுங்கள். அதை வெட்டி எடுத்து அவர் கோப்பில் நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். சந்தனம் வைத்தது நான் என்று என் பங்குக்கு இங்கே எழுதிவிட்டேன். இப்போது நீங்கள் எழுதுங்கள் சார்.

கா. ஏழுமலை,
முன்னாள் பணிமனை சூப்பர்வைசர், விழுப்புரம்.